பக்கிரி அடைத்த போர்கள்

செலியமேட்டுக்குக் கிழக்கே, பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தின் ஓரத்தில் இருக்கிற அந்தச் சின்ன ஊரில் யாருடைய ஆழ்துளைப் போரில் மோட்டார் எரிந்துபோனாலும் பக்கிரியைத்தான் கூப்பிடுவார்கள். போர் போடுகிறவன் அவன் இல்லை. அதற்கு லாரி வரும், வெளியூர் ஆட்கள் வருவார்கள், இரண்டு நாளில் துளைத்துவிட்டுப் போய்விடுவார்கள். துளைத்த போருக்குள் மோட்டாரை இறக்குவதும், கெட்டுப்போனால் மேலே ஏற்றுவதும்தான் பக்கிரியின் தொழில். மூன்று கால் இரும்புக் கம்பத்தை நிறுத்தி, உச்சியில் செயின் பிளாக்கை மாட்டி, இருபதடிக்கு ஒரு பைப்பாகக் கழற்றிக் கழற்றிக் கரையில் அடுக்கிவிட்டு, கடைசியில் ஈரம் சொட்டச் சொட்ட மோட்டாரை வெளியே எடுப்பான். கூட அவன் மச்சான் அன்புராஜ், மனைவி தனக்கொடியின் தம்பி. இரண்டு பேரும் முப்பத்தெட்டு வருஷம் சேர்ந்து வேலை பார்த்தார்கள்.

ஆழத்தை அவர்கள் அடியில் சொல்ல மாட்டார்கள், பைப்பில்தான் சொல்வார்கள். பக்கிரி தொழிலுக்கு வந்த பத்தொன்பதாவது வயதில் அந்தப் பக்கம் எல்லாமே நாலு பைப்பு, மிஞ்சினால் அஞ்சு. காலையில் ஆரம்பித்தால் பத்து மணி டீக்கு மோட்டார் வெளியே வந்துவிடும். உள்ளூர் விவசாயி முத்துக்குமரனின் அப்பாதான் அவனுக்கு முதல் வேலை கொடுத்தவர். அன்றைக்கு மேலே வந்த தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துவிட்டு, "இளநி மாதிரி இருக்குது பார்ரா" என்றார் அவர்.

பிறகு பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசமானது. ஊரே சந்தோஷப்பட்டது, பக்கிரியும்தான். அதுவரை டீசல் எஞ்சினுக்குப் பயந்து சம்பா என்ற ஒரு போகத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் எல்லாம் நவரை நட்டார்கள், சொர்ணவாரியும் நட்டார்கள். கரும்பு வந்தது. வருஷம் முழுக்க நடவு இருந்ததால் தனக்கொடிக்கும் வருஷம் முழுக்க வேலை இருந்தது. அந்த வருமானத்திலும் பக்கிரியின் வருமானத்திலும்தான் அவர்கள் அரைக் காணி நிலம் வாங்கினார்கள், மகள் மகாலட்சுமியைப் படிக்கவைத்து வில்லியனூரில் கட்டிக்கொடுத்தார்கள். இலவசக் கரெண்டால் கெட்டுப்போனோம் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. நன்றாக இருந்த வருஷங்கள் எல்லாம் அந்தக் கரெண்டு கொடுத்தவைதான்.

ஆனால் காசு கொடுக்காத பொருளை நிறுத்தி வைக்க யாருக்கும் மனசு வருவதில்லை. ஆட்டோ ஸ்டார்ட்டர் என்று ஒரு பெட்டி வந்தது. அதைப் பொருத்திவிட்டால் கரெண்டு வரும்போது மோட்டார் தானே ஓடும், போகும்போது தானே நிற்கும். வயலுக்குப் போய் சுவிட்சு போட வேண்டியதில்லை. அணைக்கவும் வேண்டியதில்லை. வயல் நிரம்பி, வரப்பு வழிந்து, வாய்க்கால் நிரம்பி, ரோட்டோரப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். "கரெண்டுக்குக் காசா, தண்ணிக்குக் காசா, ஓடட்டும் வுடு" என்பார்கள். பக்கிரியும் தன் அரைக் காணிக்கு ஒரு ஸ்டார்ட்டர் வைத்துக்கொண்டான்.

பத்து வருஷத்துக்குள் அஞ்சு பைப்பு ஆழத்தில் தண்ணீர் உப்புக் கரித்தது. கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம் இல்லை, ஆனால் ரொம்பத் தூரமும் இல்லை. நல்ல தண்ணீரை இறைத்து இறைத்து எடுத்த இடத்துக்குக் கடல் தண்ணீர் நகர்ந்து வந்தது. அதற்கு ஊர் கண்ட வைத்தியம் இன்னும் ஆழமாகத் துளைப்பது. களிமண் அடுக்கைத் தாண்டிப் பதினாலு பைப்பு இறக்கினால் கீழே மணலில் நல்ல தண்ணீர் கிடைத்தது. அவ்வளவு ஆழத்திலிருந்து இழுக்கப் பெரிய மோட்டார் வேண்டும், பெரிய மோட்டார் நிறையக் கரெண்டு தின்னும். தின்றால் என்ன? காசா பணமா?

ஆழம் கூடக் கூட எடை கூடியது. ஒருமுறை பதினாறு பைப்பு தொங்கிக்கொண்டிருக்கும்போது பைப்பைக் கவ்விப் பிடித்திருந்த கிளாம்ப் வழுக்கி அன்புராஜின் இடது கையில் மூன்று விரல்கள் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன், "மாமா, இனிமே நான் கயிறு புடிக்கறன், நீ கிளாம்ப் போடு" என்றான்.

அந்தப் பதினாலு பைப்பு போர்களுக்கும் ஆயுசு கெட்டி இல்லை. மேல் அடுக்கில் நின்ற உப்புத் தண்ணீர் இரும்புக் கேசிங்கை அரித்தது. கேசிங் என்பது போரின் சுவர் இடியாமல் இருக்கச் செருகும் பெரிய குழாய். அது சல்லடையாகிவிட்டால் மணல் உள்ளே சரியும், மோட்டார் மணலைத் தள்ளும், எரிந்துபோகும். பக்கிரி வந்து மோட்டாரையும் பைப்பையும் எடுத்துக் கொடுப்பான். நிலத்துக்காரர் பத்தடி தள்ளிப் புதுப் போர் போடுவார், இருபது பைப்புக்கு. பழைய போரின் வாயில் ஒரு சாக்கைச் சுருட்டி அடைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு பக்கிரி போய்விடுவான். எடுத்த பொருளுக்குத்தான் கூலி. ஓட்டையை அடைக்க யாரும் கூலி தந்ததில்லை, யாரும் சொன்னதுமில்லை.

சாக்கைத் திணிக்கும்போது சில போர்களுக்குள் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்கும். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி, நிற்காமல். முத்துக்குமரனின் பழைய போரில் அந்தச் சத்தம் நன்றாகவே கேட்டது. அப்போது முத்துக்குமரன் அப்பாவிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொண்டிருந்த இளவட்டம். காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஊத்து இருக்குது பக்கிரிண்ணா. மேலேருந்தே ஊறுது. புதுப் போருக்கும் இது உள்ள எறங்கும்ல? நல்லதுதான்" என்றான். பக்கிரிக்கும் நல்லதாகத்தான் பட்டது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், வெயில் தொடங்கும் முன்பே, ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற டேங்கில் உப்புத் தட்டியது.

முதலில் தெரிந்தது தனக்கொடிக்கு. காலையில் காப்பி போட்டால் பால் திரிந்தது. பால்காரியோடு சண்டை போட்டாள். மறுநாளும் திரிந்தது. "ஏங்க, இத கொஞ்சம் வாயில ஊத்திப் பாருங்க" என்று ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள். பக்கிரி ஒரு வாய் வைத்தான். முப்பத்தெட்டு வருஷமாக எத்தனையோ போர்த் தண்ணீரை ருசி பார்த்த நாக்கு அது. அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"இன்னா?"

"டேங்குப் போருக்கும் வந்துடுச்சு."

ஒரு மாசத்தில் பருப்பு வேகவில்லை. குளித்தால் தலை பிசுபிசுத்தது. தனக்கொடியின் காலில் நடவுச் சேற்றுப்புண் எப்போதும் இருப்பதுதான், இப்போது ஆறவே மாட்டேன் என்றது. பக்கிரியின் அரைக் காணியில் நாற்று நுனியில் பழுத்து, பிறகு நடுவில் பழுத்து, படுத்துக்கொண்டது. முத்துக்குமரனின் ஐந்து காணிக் கரும்பு முழங்கால் உயரத்துக்கு மேல் வளரவில்லை. மோட்டார் தூக்குகிற வேலைக்கு மட்டும் குறைவில்லை. எல்லோரும் இன்னும் இரண்டு பைப்பு இறக்கிப் பார் என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அர்ச்சனா வந்தாள். நிலத்தடி நீரை அளக்கிற அரசாங்க ஆபீசில் வேலை. இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு பெரிய நாடாச் சக்கரம் வைத்திருந்தாள். நாடாவின் நுனியில் விரல் பருமனுக்கு ஒரு எஃகுக் குச்சி. அதைப் போருக்குள் இறக்கினால் எந்த ஆழத்தில் எவ்வளவு உப்பு என்று மேலே எண் காட்டும். ஊரில் பழைய போர்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கேட்டபோது எல்லோரும் பக்கிரியைக் காட்டினார்கள். நாலு நாள் கூலிக்கு அவன் அவளோடு போனான். எந்தப் போர் எந்த வருஷம், எத்தனை பைப்பு, எதனால் விட்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் முத்துக்குமரனின் பழைய போருக்கு வந்தார்கள். பக்கிரி கல்லைப் புரட்டி, மக்கிப்போன சாக்கைக் கொக்கியால் எடுத்தான். சத்தம் மேலே வந்தது.

"இது எத்தனை வருஷமா கேக்குதுங்கய்யா?" என்றாள் அர்ச்சனா.

"பத்து வருஷம் இருக்கும் மேடம். ஊத்து. நெறைய போர்ல கேக்கும்."

அவள் ஒரு நீளக் குழாயைக் கயிற்றில் கட்டி இறக்கினாள், சத்தம் வருகிற ஆழத்தில் நிறுத்தி, நிரம்பியதும் மேலே இழுத்தாள். குச்சியை அதில் வைத்து எண்ணைப் பார்த்தாள். பக்கிரி கையை நீட்டினான். அவள் கொஞ்சம் ஊற்றினாள். அவன் நாக்கில் வைத்தான். வாயிலிருந்து துப்பவும் மறந்து அப்படியே நின்றான். கிருமாம்பாக்கம் தாண்டிக் கடற்கரைக்குப் போனால் அலையில் கிடைக்கிற அதே தண்ணீர்.

"இது கீழேருந்து வர்றது இல்லீங்கய்யா" என்றாள் அவள். "மேல இருக்குற உப்புத் தண்ணி. கேசிங்ல ஓட்டை. அந்த வழியா உள்ள கொட்டி, கீழ இருக்குற நல்ல தண்ணில போய்ச் சேருது. நடுவுல களிமண்ணு தடுத்துக்கிட்டு இருந்துச்சு. போர் போட்டு வழி பண்ணிட்டாங்க. மோட்டார் ஓடுனவரைக்கும் கொட்டுனதையும் சேத்து எடுத்துட்டே இருந்தாங்க. நிறுத்தினப்புறம் அடைச்சிருக்கணும்."

"அடைக்கலன்னா?"

"ராப்பகலா உள்ள போய்க்கிட்டே இருக்கும்."

பக்கிரி சுற்றிலும் பார்த்தான். அங்கிருந்தே ஏழு கல் தெரிந்தது. ஏழும் அவன் வைத்த கல்.

அன்று மாலை அன்புராஜிடம் எண்ணிப் பார்க்கச் சொன்னான். இரண்டு பேருமாக நினைவிலிருந்து எண்ணினார்கள். இருபத்து மூன்று வந்தது. டேங்குப் போருக்குக் கூப்பிடு தூரத்தில் மட்டும் ஒன்பது.

"நாமளா போர் போட்டோம்?" என்றான் அன்புராஜ். "எடுத்துக் குடுன்னாங்க, எடுத்துக் குடுத்தோம்."

"சத்தம் கேட்டுதுல்ல?"

"கேட்டுது. அதுக்கு?"



டேங்குத் தண்ணீரைப் பற்றிப் பேச மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியது. அர்ச்சனா எழுதிக் கொடுத்த தாளைக் கொம்யூன் ஆள் ஒருவர் படித்தார். யாருக்கும் புரியவில்லை. அப்போது பக்கிரி எழுந்தான். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன். எந்தெந்தப் போர், எப்படிக் கொட்டுகிறது என்று தெரிந்தபடி சொன்னான். "மூணு வேல செய்யணும். பழைய போரையெல்லாம் அடைக்கணும். ஸ்டார்ட்டரக் கழட்டிட்டு ஆளுக்கு இன்ன நேரம்னு ஓட்டணும். புதுசா யாரும் போடக்கூடாது" என்றான்.

பிறகு புகழ்வேந்தன் கேட்டான். எட்டு காணிக்காரன், எதையும் நேரே கேட்கிறவன்.

"அந்தப் போர்லயிருந்து மோட்டார எடுத்தது யாரு?"

"நான்தான்."

"சாக்கு அடைச்சது?"

"நான்தான்."

"அப்ப ஊர்த் தண்ணியக் கெடுத்தது நீதான? இப்ப எங்களக் கழட்டச் சொல்ற?"

அந்தப் பேச்சு கூட்டத்துக்கு வசதியாக இருந்தது. அதுவரை யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இருந்தவர்களுக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டான். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருத்தி, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்ததையும் அவன் கணக்கில் சேர்த்தாள். பக்கிரி முத்துக்குமரனைப் பார்த்தான். அன்றைக்குக் காதை வைத்துக் கேட்டவன் இன்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் கலையும்போது அவன் பக்கத்தில் வந்து, "கரெண்ட ஃப்ரீயா வுட்டான், ஓட்டுனோம். ஓட்டாதவன் இந்த ஊர்ல யாருண்ணா? நான் நிறுத்துனா அவன் நிறுத்துவானா? நீ ஏன் தலைய குடுக்கற?" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

யாரும் எதுவும் செய்யவில்லை. பக்கிரிதான் தொடங்கினான். எப்படி அடைப்பது என்று அர்ச்சனா போனில் சொன்னாள். மேலிருந்து கொட்டினால் பாதியில் தங்கிவிடும், அடிமட்டம் வரை பைப்பை இறக்கி, அதன் வழியே சிமெண்டுக் குழம்பை ஊற்றி, நிரம்ப நிரம்பப் பைப்பை மேலே தூக்க வேண்டும். பைப்பு இறக்கவும் தூக்கவும் அவனுக்கா சொல்லித் தர வேண்டும்? வீட்டின் பின்னால் கிடந்த பழைய இரும்பை எடைக்குப் போட்டு சிமெண்டு வாங்கினான். முதலில் அடைத்தது தன் சொந்தப் போரை. அரைக் காணியில் இனி தண்ணீர் இருந்தும் பயனில்லை, நிலமே வெள்ளை பூத்துக் கிடந்தது. தனக்கொடி குழம்பைக் கலக்கிக் கொடுத்தாள். பைப்பு வாயில் சாம்பல் நிறக் குழம்பு எட்டிப் பார்த்தபோது, "இத வாங்கறதுக்கு எத்தினி நாத்து நட்டிருப்பன்" என்று மட்டும் சொன்னாள்.

ஏழு மாசத்தில் பதினாலு போர்களை அடைத்தான். கேட்டதும் சரி என்றவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர், "இருக்கட்டும்பா, நாளைக்கி தேவப்படும்" என்றார்கள், "அரசாங்கம் ஏதாச்சும் குடுக்கும், அப்ப பாக்கலாம்" என்றார்கள். முத்துக்குமரன் ஒரே வார்த்தையில், "என்னுத வேணாம்ணா" என்றான்.

ஏன் வேண்டாம் என்றான் என்பது தை மாசத்தில் தெரிந்தது. பட்டுப்போன கரும்பை அழித்துவிட்டு அந்த இடத்தில் தகரக் கொட்டகை போட்டான். தண்ணீரைச் சுத்திகரித்து கேனில் அடைக்கிற இயந்திரம் வந்தது. இருபத்தைந்து பைப்புக்குப் புதுப் போர், அதில் வருவதும் பாதி உப்புத்தான். இயந்திரம் அதைப் பிழிந்து ஒரு பங்கு நல்ல தண்ணீரும் இரண்டு பங்கு கடும் உப்புத் தண்ணீருமாகப் பிரிக்கும். வயலுக்கு வாங்கிய இலவச இணைப்பிலேயே எல்லாம் ஓடியது. டேங்கு மூடிக் கிடந்த ஊருக்குக் கேன் தண்ணீர் ஒரு வரம். விலையும் நியாயமாகத்தான் வைத்தான். ஊரில் அவனைத் திட்டியவர் யாருமில்லை.

அவனே வீடு தேடி வந்தான். "மோட்டாரப் பாத்துக்க ஒரு ஆளு வேணும். ஒன்னவிட்டா யாருண்ணா இருக்காங்க? மாசாமாசம் சம்பளம். அண்ணிக்கு ரெண்டு கேன் சும்மா எடுத்துக்க" என்றான்.

பக்கிரி தனக்கொடியைப் பார்த்தான். கூட்டத்துக்குப் பிறகு அந்த ஊரில் மோட்டார் தூக்க அவனை யாரும் கூப்பிடவில்லை, செலியமேட்டிலிருந்து வேறு ஆள் வந்தான். நடவு இல்லை. தனக்கொடியின் கால் புண்ணுக்கு டாக்டர் நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லியிருந்தார்.

"போங்க" என்றாள் அவள்.

முதல் நாளே முத்துக்குமரன் நாலங்குலக் குழாய் ஒன்றைக் காட்டினான். "வேஸ்ட் தண்ணிக்கு. ரோட்ல வுட்டா கேப்பாங்க. நம்ம பழைய போர்ல வுட்டுடு."

பக்கிரி குழாயைக் கையில் எடுத்துக்கொண்டான். பிறகு போய்க் கல்லைப் புரட்டி, குழாயை உள்ளே விட்டு, சுற்றிலும் கல் வைத்து அணை கொடுத்தான். அன்றைக்கு வீட்டுக்கு இரண்டு கேன் தண்ணீர் கொண்டுவந்தான். தனக்கொடி அதில் கொஞ்சம் ஊற்றிக் காலைக் கழுவினாள். நாலு மாசத்தில் புண் வறண்டு தோல் மூடியது. அந்த நாலு மாசமும் இயந்திரம் ஓடிய நேரமெல்லாம் உப்பு உள்ளே போனது. அதைத் திறந்து விடுகிற வால்வு பக்கிரியின் கையில் இருந்தது.

சித்திரையில் அர்ச்சனா மறுபடி அளக்க வந்தாள். அவன் அடைத்த போர்களுக்குப் பக்கத்தில் உள்ள கிணறுகளில் உப்பு கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று எதிர்பார்த்தாள். இரண்டு இடத்தில் இறங்கியும் இருந்தது. டேங்குப் பக்கம் மட்டும் ஏறியிருந்தது. கொட்டகைக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அவனைக் கூப்பிட்டாள்.

"எங்கயோ புதுசா உள்ள போகுதுங்கய்யா. இந்தப் பக்கம் யாராவது எதையாவது போருக்குள்ள விடுறாங்களா?"

கொட்டகைக்குள் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. முத்துக்குமரன் வாசலில் கேன் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"தெரியாதுங்க மேடம்" என்றான் பக்கிரி.

அவள் போய்விட்டாள். அன்று ராத்திரி அவன் சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தான். கூட்டத்தில் ஊர் திட்டியதையெல்லாம் அவனால் தாங்க முடிந்தது. இந்த ஒரு பொய் தாங்கவில்லை. சாக்கைத் திணித்த காலத்தில் தெரியாமல் செய்தான். இப்போது தெரிந்தே செய்கிறான்.

வைகாசியில் ஒரு முகூர்த்த நாள். முத்துக்குமரன் குடும்பத்தோடு திருக்கனூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனான். காலை பத்து மணிக்கு பக்கிரி இயந்திரத்தை நிறுத்தினான். அன்புராஜ் மாட்டு வண்டியில் பைப்பும் சிமெண்டும் கொண்டுவந்தான்.

"மாமா, நல்லா ரோசன பண்ணிட்டியா?" என்றான்.

"பண்ணிட்டன். நீ கயிறப் புடி."

ஒளிந்து மறைந்து செய்யவில்லை. நல்ல வெயிலில், ரோட்டில் போகிறவர்கள் பார்க்க, முக்காலி நட்டுச் செய்தார்கள். குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு பதினாலு பைப்பையும் இறக்கினார்கள். குழம்பு போகப்போக, ஒரு பைப்பு தூக்கி, மறுபடி ஊற்றி, மூன்று மணிக்குப் போர் வாய் வரை நிரம்பியது. இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர், "இன்னா பக்கிரி, புது வேலையா?" என்று கேட்டார். "பழைய வேலதான்" என்றான்.

சாயங்காலம் முத்துக்குமரன் கல்யாண வேட்டியோடு வந்து நின்றான். பாதி காய்ந்திருந்த சிமெண்டைக் காலால் தட்டிப் பார்த்தான்.

"எங்கப்பா ஒனக்கு மொத வேல குடுத்தாரு" என்றான்.

"ஆமாம்பா."

"எம் பொண்ணு காலேஜுக்கு இதுலதான் கட்டறன். கரும்பும் போச்சு, நெல்லும் போச்சு. இதையும் முடிச்சிட்டன்னா நான் இன்னா பண்றது? நீ சொல்லு."

முத்துக்குமரன் கேட்டது நியாயமான கேள்விதான் என்று பக்கிரிக்கே தோன்றியது.

"நாளையிலேருந்து வராத. கேனும் கெடையாது."

போலீசுக்குப் போகவில்லை. போயிருந்தால் இலவச இணைப்பில் இயந்திரம் ஓடுவதும் வெளியே வந்திருக்கும். மூன்று நாள் கொட்டகை பூட்டிக் கிடந்தது. அந்த மூன்று நாளும் ஊர்ப் பெண்கள் வெறும் கேனோடு போய்த் திரும்பினார்கள், திரும்புகிற வழியில் தனக்கொடியின் வீட்டு வாசலில் நின்று கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். நாலாம் நாள் உப்புத் தண்ணீரை ரோட்டோர வாய்க்காலில் திறந்துவிட்டு இயந்திரம் மறுபடி ஓடியது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வாய்க்காலில் புல் கருகியது, கரையோரம் இருந்த இரண்டு தென்னை குலை தள்ளுவதை நிறுத்தியது.

ஒரு வாரம் கழித்து பக்கிரி அர்ச்சனாவுக்குப் போன் செய்தான். அதற்குள் அவளைக் காரைக்காலுக்கு மாற்றியிருந்தார்கள்.

"மேடம், அன்னிக்கி நீங்க கேட்டீங்க. தெரியாதுன்னன். தெரியும் மேடம். நான்தான் வுட்டன்."

"எந்தப் போர்?" என்றாள். சொன்னான். "இப்ப?" அடைத்ததைச் சொன்னான். "அடியிலேருந்தா மேலேருந்தா?" "அடியிலேருந்துதான் மேடம். பதினாலு பைப்பும் எறக்கினன்." "சரிங்கய்யா, எழுதிக்கறேன்" என்றாள். பக்கிரி கேட்டான்: "எத்தினி வருசத்துல மாறும்?" அவள் யோசித்து, "எனக்குத் தெரியலீங்கய்யா. நம்ம காலத்துல மாறும்னு என்னால சொல்ல முடியாது" என்றாள்.

தனக்கொடி அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று அவன் நினைத்தான். ஆடி பிறந்ததும் கால் புண் மறுபடி திறந்துகொண்டது. மகாலட்சுமி வந்து வில்லியனூருக்கு அழைத்தாள். "நீங்களும் கெளம்புங்கப்பா. இங்க இன்னா இருக்குது?" என்றாள். தனக்கொடி துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்தாள். பக்கிரியின் துணியைத் தொடவில்லை. அவன் வர மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இன்னும் எட்டு போர் இருக்குது" என்றான் அவன்.

"அவங்க வுட மாட்டாங்க."

"கேட்டுக்கிட்டுதான் இருக்கணும்."

பஸ் ஏறும்போது அவள், "சோத்துக்கு டேங்கர் தண்ணியப் புடிங்க. இந்தத் தண்ணிய ஊத்திக்காதீங்க" என்றாள். வாரத்தில் இரண்டு நாள் வருகிற டேங்கரிலிருந்து அவன் ஒரு குடம் பிடித்து வைத்துக்கொண்டான். மற்ற நாட்களில் மேற்குப் பக்க ஊர்களுக்குப் போய் மோட்டார் தூக்கினான். அங்கே இன்னும் எட்டு பைப்பில் நல்ல தண்ணீர் வருகிறது. அங்கேயும் எல்லா வயலிலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. விட்ட போரை அடைத்தால்தான் மோட்டாரை எடுப்பேன் என்று அவன் சொல்வான். பாதிப் பேர் சிரித்துவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டார்கள்.

மாசம் ஒருமுறை எட்டு வீட்டு வாசலிலும் போய் நின்று கேட்டான். ஐப்பசியில் புகழ்வேந்தன், பல் துலக்கிக்கொண்டே, "வந்து பாத்துக்க போ. ஒம்மேல எரக்கப்பட்டுச் சொல்லல, மாசாமாசம் வாசல்ல வந்து நிக்கறது பாக்க முடியல" என்றான்.

பக்கிரியும் அன்புராஜும் மறுநாளே போனார்கள். கல்லை நகர்த்தினால் சாக்கு இல்லை. யாரோ எப்போதோ அதை உள்ளே தள்ளிவிட்டிருந்தார்கள். பைப்பை இறக்கினால் முப்பது அடியில் தட்டியது. கொக்கியைக் கட்டி இறக்கித் துழாவினார்கள். ஒரு பீர் பாட்டில் வந்தது, பிறகு இன்னொன்று, ஒரு செருப்பு, கிழிந்த உர மூட்டை, கருங்கல் துண்டுகள். மதியம் வரை எடுத்தும் பைப்பு நாலடி கூட இறங்கவில்லை. உப்பு கொட்டுகிற இடம் அதற்கு வெகு கீழே. மேலே மட்டும் சிமெண்டு ஊற்றி மூடிவிட்டால் பார்ப்பவர்களுக்கு அடைத்த மாதிரி இருக்கும், உள்ளே கொட்டிக்கொண்டே இருக்கும்.

"மேல மூடிட்டுப் போயிடலாம் மாமா. யாருக்குத் தெரியப் போவுது" என்றான் அன்புராஜ், இரண்டு விரலால் வியர்வையை வழித்துக்கொண்டே.

பக்கிரி சிமெண்டு மூட்டையைத் தார்ப்பாயால் போர்த்தி வண்டியில் ஏற்றினான். தூறல் விழத் தொடங்கியிருந்தது. பட்டறைக்குப் போய்க் கொக்கிக் கம்பியை இன்னும் பத்தடி நீளத்துக்கு வெல்டிங் வைத்து வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையில் மறுபடி அங்கே போனான்.